நல்ல வகைக் கட்டி

"பயப்படாதீங்க சார். உங்களுக்கு வந்திருக்கிறது நல்ல வகைக் கட்டி" என்றார் டாக்டர் ஷாலின்.

புற்றுநோயில் நல்லது கெட்டது உண்டு என்பதே செந்தாமரைக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் சிவசங்கர் கழுத்தைத் தடவிக்கொண்டே தலையாட்டினான். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று எழும்பியபோது சளிக்கட்டி என்று மாத்திரை விழுங்கிக்கொண்டு திரிந்தவன். கடைசியில் டான்சிலில் புற்றுநோய் என்று வந்து நின்றது. ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன்; பீடி, சிகரெட், ஹான்ஸ் புகையிலை எதுவும் கிடையாது. அவனுக்கு எப்படி இந்த நோய் என்று அவர்கள் ஊர் வடக்குப்பட்டில் எல்லோருமே கேட்டார்கள்.

டாக்டர் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினோமில்ல? அதுல ஹெச்பிவின்னு ஒரு வைரஸோட மரபணு இருக்கு. இந்த அடையாளம் இருக்கிற கட்டி ரேடியேஷனுக்கு நல்லா கரையும். கதிர் பட்டு உடையும்போது அந்த செல்லுக்குத் தன்னை ரிப்பேர் பண்ணிக்கத் தெரியாது. உங்களை மாதிரி ஆளுங்க பெரும்பாலும் பொழச்சிடறாங்க சார்."

செந்தாமரை கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள். "அந்த வைரஸு எப்படி வந்துச்சு மேடம்? வூட்ல வயசுப் பொண்ணு கீறா. தண்ணி கிண்ணி எதுனா மாத்தணுமா?"

டாக்டர் ஒரு நிமிஷம் இரண்டு பேரையும் பார்த்தார். "தண்ணியில வராதும்மா. உடலுறவு மூலமா வரும். ஆனா எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இருபது முப்பது வருஷம் உள்ளேயே தூங்கிட்டு இருந்திருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடியா இருக்கலாம். உங்க ரெண்டு பேருக்குள்ளயே கூட இருக்கலாம். இதுல யாரையும் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. நீங்களும் கர்ப்பப்பை வாய்க்கு ஒரு டெஸ்ட் எடுத்துக்கிறது நல்லது."

"நானா?" என்றாள் செந்தாமரை.

சிவசங்கரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த தொண்டைப் படத்தை, பாடம் படிக்கிறவன் மாதிரி, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

அந்தக் காது மடல்தான் அவள் நெஞ்சில் நெருப்பை வைத்தது.

*

அன்றைக்கு வீடு திரும்பும் வரை அவள் பேசவில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டும்போது அவன், "இன்னா தாமரை, டாக்டரு நல்லாயிடும்னுதானே சொல்லிச்சு, அப்புறம் இன்னா?" என்றான். அவள் வண்டியில் அவன் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

அவள் வேலை செய்வது காருக்கு வயர் கட்டும் கம்பெனியில். சிவப்பு, நீலம், மஞ்சள் வயர்களைப் பலகை மேல் பரப்பி, முனைகளைச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். கை தன்பாட்டுக்கு ஓடும். மனசுக்கு வேலை கிடையாது. வேலையில்லாத அந்த மனசு ஷிஃப்ட் முழுக்க ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. யார் அவள்?

முதலில் நினைவுக்கு வந்தவள் சசிகலா. சிவசங்கர் ஓட்டும் பஸ்ஸில் வருஷக்கணக்காக டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டில் உட்கார்ந்து போகிறவள். புருஷனை விட்டுப் பிரிந்து தனியாக இருக்கிறாள். ஒரு பொங்கலுக்கு அவன் எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, "சசிகலா குடுத்துச்சு, அதிரசம்" என்று நீட்டியிருந்தான். அப்போது செந்தாமரை இரண்டு அதிரசம் தின்றாள். இப்போது நினைத்தால் குமட்டிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்ததும் ஒரகடம் கூட்டுரோட்டில் சசிகலாவுக்காகக் காத்து நின்றாள். சசிகலா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அக்கா, அண்ணன் எப்படி கீறாரு? புது டிரைவரு காட்டான் மாதிரி ஓட்டறான். நாங்க எல்லாம் அண்ணனத்தான் சொல்லிகினு கீறோம்."

"அண்ணனா?" என்றாள் செந்தாமரை. "எத்தினி நாளா அண்ணன்? முன்ன இன்னாவா இருந்தாரு?"

சசிகலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பிடித்திருந்த கையை விட்டாள். "யக்கா, நைட் ஷிஃப்ட் முடிஞ்சா எங்க தெருமுனையில குடிகாரனுங்க நிப்பானுங்க. நான் உள்ள போயி கதவ சாத்துற வரைக்கும் அண்ணன் பஸ்ஸ எடுக்க மாட்டாரு. அதுக்குத்தான் அதிரசம் குடுத்தேன். அவரு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு உசுருக்குப் போராடிகினு கீறாரு, நீ என்னை மோந்து பாக்க வந்துகீற. தூ."

சசிகலா போன பிறகும் செந்தாமரை அங்கேயே நின்றாள். அவமானமாக இருந்தது. அதைவிட ஏமாற்றம் பெரிதாக இருந்தது. சசிகலாவாக இருந்திருந்தால் ஒரு முகமாவது கிடைத்திருக்கும். இப்போது பார்க்கிற எல்லா முகமும் அந்த முகமாகத் தெரிந்தது.

*

ரேடியேஷன் தொடங்கியது. சனி, ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். சிவசங்கரின் முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு முகமூடி செய்திருந்தார்கள். அதைப் போட்டு மேஜையோடு பூட்டிவிடுவார்கள், தலை அசையாமல் இருக்க. மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, உப்பும் இனிப்பும் தெரியாமல் போய், கழுத்துத் தோல் கருகியது. பேச்சு நின்றது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். செந்தாமரை லீவு போட்டுவிட்டு, கஞ்சியும் முட்டையும் பாலும் கரைத்து, குழாயில் ஊற்றினாள். புண்ணுக்கு மருந்து தடவினாள். எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் தடவும்போதெல்லாம் ஒரு நினைப்பு வரும்: இந்த வாயில் எவளோ.

காத்திருக்கும் ஹாலில்தான் அன்னபுஷ்பம் பழக்கமானாள். தூத்துக்குடிப் பக்கம் ஊர். புருஷன் அருள்நாதன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்கும் அதே தொண்டை, அதே இடம், அதே ரேடியேஷன். இரண்டு ஆண்களும் உள்ளே முகமூடிக்குள் கிடக்கும்போது, இரண்டு பெண்களும் வெளியே ஒரே ஃபிளாஸ்க்கில் டீ குடித்தார்கள். அன்னபுஷ்பம் ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பாள். நடுவில் நிறுத்திக் கேட்பாள்.

"உங்க வீட்டுக்காரருக்குக் கட்டி சுருங்கிட்டாமே? டாக்டரம்மா சொன்னாவ."

"ஆமா. கழுத்துல இப்ப கைக்கே தட்டுப்படல."

"எங்க அவியளுக்கு அப்படியே கெடக்கு" என்றாள் அன்னபுஷ்பம். "அவியளுக்கு அந்த வைரஸு இல்லையாம். பாக்கு போட்டுப் போட்டு ஏதோ காவல்கார மரபணுன்னு சொல்லுதாவ, அது கெட்டுப்போச்சாம். அது கெட்டிருந்தா கதிரு அவ்வளவா கேக்காதாம். நான் மறுபடியும் டெஸ்ட் எடுங்கன்னு சண்டை போட்டேன். மறுபடியும் இல்லன்னே வந்துட்டு."

சொல்லிவிட்டு செந்தாமரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை செந்தாமரைக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான். அன்னபுஷ்பம் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

"நீங்க குடுத்து வச்சவுக" என்றாள்.

செந்தாமரைக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "இன்னா குடுத்து வச்சேன்? அது எப்படி வரும்னு தெரியுமா உனக்கு? எவகிட்டயோ போயி வாங்கிகினு வந்த வியாதி அது. உன் புருஷன் பாக்கு போட்டாரு, அவ்ளோதான். உன்னைத் தவிர வேற ஒருத்தியத் தொட்டதில்லன்னு நீ நிம்மதியா தூங்கலாம். நான் ராத்திரி பூரா அந்தாளு மூஞ்சியப் பாத்துகினு கெடக்கறேன், எவளா இருக்கும், எவளா இருக்கும்னு."

அன்னபுஷ்பம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். டீ ஆறிப்போனது. பிறகு மெதுவாக, கர்த்தருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள்:

"எங்க அவிய பத்துப் பேருகிட்ட போயிருந்தாலும் பரவாயில்லன்னு இருக்குக்கா எனக்கு. அந்த வைரஸு இருந்தா போதும். ஆளு இருந்தா அடிக்கலாம், ஏசலாம், பேசாம இருக்கலாம். ஆளு வேணும்லா?"

உள்ளேயிருந்து அருள்நாதனைக் கூட்டிவந்தார்கள். முகமூடி அழுத்திய கட்டம் கட்டமான தடம் அவர் கன்னத்தில் இருந்தது. செந்தாமரையைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அவள் எழுந்து நின்றாள்.

*

ரேடியேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். சிவசங்கருக்கு எதுவும் இல்லை; சுத்தமாகக் கரைந்திருந்தது. செந்தாமரையும், டாக்டர் விடாமல் சொன்னதால், பரிசோதனை செய்துகொண்டாள், அவளுக்கும் ஒன்றுமில்லை. அருள்நாதனுக்குக் கட்டி அப்படியே இருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு நுரையீரலில் வந்தது. அன்னபுஷ்பம் செந்தாமரையின் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் அருள்நாதன் இறந்துபோனார். செய்தி வேறொருவர் மூலம் வந்தது. கணவன் மனைவி இருவரும் போனார்கள். படப்பைக்கு அந்தப் பக்கம் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் சின்ன வீடு. வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கூட்டாளிகள் யூனிஃபார்மோடு. பெட்டிக்குப் பக்கத்தில் அன்னபுஷ்பம் அழுதுகொண்டிருந்தாள். "என்னைத் தவிர ஒருத்தியையும் ஏறிட்டுப் பாக்காதவியளே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அதைக் கேட்டதும் செந்தாமரைக்குச் சுருக்கென்றது. ஒரு சாவு வீட்டில், புருஷனைப் பறிகொடுத்தவளைப் பார்த்து, தனக்குப் பொறாமை வருகிறது என்று உணர்ந்தபோது அவளுக்கே கூசியது. ஆனாலும் வந்தது. அதே நேரம் அன்னபுஷ்பம் நிமிர்ந்து சிவசங்கரைப் பார்த்தாள். கழுத்தில் கருப்புத் தழும்போடு, மெலிந்து, உயிரோடு நிற்கிறவனை. அவள் அழுகை ஒரு கணம் நின்றது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிளம்பும்போது அன்னபுஷ்பம் செந்தாமரையின் கையைப் பிடித்தாள். "கேட்டீங்களா அவருகிட்ட?"

"இல்ல."

"கேளுங்க. பதில் சொல்ல ஆளு இருக்கும்போதே கேளுங்க. எனக்கு இவியகிட்ட கேக்கதுக்கு ஆயிரம் இருந்துச்சு. கடைசியில நாக்கையே எடுத்துட்டாவ."

திரும்பி வரும் வழியில் செந்தாமரை வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஒரு கம்பெனியின் நீளமான மதில் சுவர், பக்கத்தில் வேப்பமரம். கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"யாருய்யா அவ?"

சிவசங்கர் எதற்கு என்று கேட்கவில்லை. இத்தனை மாதமும் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவன் போல இருந்தான். குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. காற்றுதான் அதிகம் வந்தது.

"கல்யாணத்துக்கு முன்ன. லாரியில கிளீனரா இருந்தேன். வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு நெல்லு ஏத்திகினு போவோம். அங்க வேலை செஞ்சுகினு இருந்துச்சு. ரெண்டு மூணு மாசம். அவ்ளோதான். உன்னைக் கட்டிகினு வந்தப்புறம் எவளையும் தொடல. எங்கம்மா மேல சத்தியம்."

"பேரு?"

"அது எதுக்கு?"

"பேரு சொல்லு."

"கங்கம்மா."

முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது செந்தாமரை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இதற்குப் போய் கோபப்பட என்ன இருக்கிறது என்று அவளே நினைத்தாள். ஆனால் அவன் ஞாபகத்தில் தேடாமலே பேரைச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"கட்டிக்கலாம்னு இருந்தியா?"

அவன் ரோட்டைப் பார்த்தான். "அம்மாகிட்ட சொல்லலாம்னு நெனச்சேன். சொல்றதுக்குள்ள லாரி ஓனரு ரூட்ட மாத்திட்டாரு."

செந்தாமரை வண்டியை விட்டு இறங்கி மதில் ஓரமாக நடந்தாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தான். கேட்டுக்குக் கேட் செக்யூரிட்டிகள் இவர்களை வேடிக்கை பார்த்தார்கள். நடந்து நடந்து அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்றாள்.

"அவளுக்கு யாரு சொல்லுவாங்க?"

"இன்னாத்த?"

"டாக்டரம்மா இன்னா சொல்லிச்சு? பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பையில வரும்னு சொல்லிச்சா இல்லையா? என்னைப் பிடிச்சு டெஸ்ட் எடுத்தாங்க. அவள யாரு பிடிச்சாங்க? உசுரோட கீறாளா இல்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? வேணும்னா நான் போயி விசாரிச்சு..."

"நீ ஒண்ணும் போவ வேணாம்" என்றாள் செந்தாமரை, பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் போறேன்."

*

ரைஸ் மில் மூடிப்போய் கல்யாண மண்டபம் ஆகியிருந்தது. ஆனால் மில்லில் வேலை செய்த கங்கம்மாளை வாலாஜாபாத்தில் விசாரிப்பது கஷ்டமாக இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள் என்றார்கள்.

செந்தாமரை நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தாள். பேர் கேட்ட நாளிலிருந்து அவள் மனசில் ஒரு கங்கம்மாள் இருந்தாள்: உயரம், நல்ல நிறம், இடுப்பு வரை சடை. கடையில் இருந்தவள் குள்ளம். நைட்டி மேல் துண்டு போட்டு, நரைத்த முடியை முடிந்துகொண்டு, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்று இல்லை. செந்தாமரை இரண்டு இட்லி வாங்கித் தின்றாள். கூட்டம் குறைந்ததும் சொன்னாள்.

"நான் சிவசங்கரு சம்சாரம்."

"எந்த சிவசங்கரு?"

"வடக்குப்பட்டு. முன்ன மில்லுக்கு நெல்லு லாரியில வருவாரு. கிளீனரு."

கங்கம்மாள் கரண்டியும் கையுமாக யோசித்தாள். "எத்தினியோ லாரி வரும்மா. கட்டையா, பொட்டு வச்சுகினு வருவாரே, அவரா?"

"அவரு இல்ல. ஒசரமா, சுருட்டை முடி."

"தெரிலியேம்மா" என்றாள் கங்கம்மாள். பொய் சொல்கிற முகமாக இல்லை.

செந்தாமரைக்கு வந்த கோபம் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லிக் கட்டிக்கொள்ளலாம் என்று ஒருத்தன் இருந்திருக்கிறான். பேரைக் கேட்டதும் சொல்கிறான். இவளுக்கு ஆளே நினைவில்லையாம். அவரை எப்படி மறக்கலாம் என்று சண்டை போடத் தோன்றியது. அடக்கிக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். வைரஸ், தொண்டை, கர்ப்பப்பை, எல்லாவற்றையும். சண்டைக்கு வரவில்லை என்பதை மூன்று தரம் சொன்னாள்.

கங்கம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அந்த வயசுல புருஷன் செத்துட்டான். நானும் தனியா இருந்தேன். நாலு பேரு வந்தாங்க, போனாங்க. யாருன்னு இப்ப எப்படிச் சொல்றது?" கையைத் துண்டில் துடைத்தபடி, "அவரு பொழச்சிட்டாரா?" என்று கேட்டாள்.

"பொழச்சிட்டாரு."

"அது போதும். நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போனதில்லம்மா. பயம். நீ கூட வருவியா?"

அடுத்த வாரம் செந்தாமரை ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு அவளைக் கூட்டிப்போனாள். உள்ளே போகும்போது கங்கம்மாள் செந்தாமரையின் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். கர்ப்பப்பை வாயில் ஒரு மாற்றம் இருக்கிறது, இன்னும் புற்றாக ஆகவில்லை, சின்ன சிகிச்சையில் எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள். வெளியே வந்ததும் கங்கம்மாள், "உன் பேரு இன்னாம்மா, கேக்கவே இல்ல பாரு" என்றாள்.

வீட்டில் சிவசங்கர் ரசம் சாதத்தைப் பிசைந்து மெதுவாக விழுங்கிக்கொண்டிருந்தான். உப்பு மட்டும் தெரிய ஆரம்பித்திருந்தது. எங்கே போய் வருகிறாள் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வாய் தின்றுவிட்டுத்தான் கேட்டான்.

"எப்படி கீது அது?"

"நல்லா கீறா. நேரத்துக்குப் பாத்துட்டாங்க. இனிமே ஒண்ணும் இல்ல."

"நான்னு சொன்னியா?"

"சொன்னேன். எந்த சிவசங்கருன்னு கேட்டா. எவ்ளோ சொல்லியும் உன்னை ஞாபகமே இல்ல அவளுக்கு."

இதைச் சொல்லும்போது தனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்து வைத்திருந்தாள். சிவசங்கர் சிரித்தான். "முப்பது வருஷம் ஆச்சு, எப்படி இருக்கும்?" என்றான். சிரித்தானே தவிர, சாதத்தில் இருந்த கை நின்றுவிட்டது. ஒரே ஒரு கணம் அவன் முகம் வாடியது, பையனைப் போல.

செந்தாமரை அதைப் பார்த்துவிட்டாள். அணைந்துவிட்டது என்று நினைத்திருந்தது மறுபடியும் திகுதிகு என்று பிடித்துக்கொண்டது.

"சோத்தைத் தின்னு" என்றாள், ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றியபடி.